தொண்ணூற்றாறில் பன்னிரண்டு

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாளே ஒரு ஆராய்ச்சி மாணவி என் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு நோட்டு. "மேடம், ஃபிப்ரவரி கடைசிக்குள்ள பன்னெண்டு எலி வேணும். எல்லாம் பொண்ணு, எல்லாம் எட்டு வாரம், கல்லீரல்ல அந்த ஜீன் இல்லாம." ஏதோ கடையில் ஒரு டஜன் முட்டை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆனி மாசம் வா" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் படித்தது கால்நடை மருத்துவம். மாடு, நாய் என்று போயிருக்க வேண்டியவள், எப்படியோ சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுண்டெலி வளாகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையில் வந்து உட்கார்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அனிமல் ஹவுஸ் என்பார்கள். ஆட்டோக்காரர்களுக்கு "எலி பில்டிங்" என்றால்தான் புரியும். எங்களிடம் இருப்பவை மரபணு மாற்றப்பட்ட எலிகள். ஒன்றில் மனிதனின் ஜீன் ஒன்று கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் ஒரு ஜீன் வேலை செய்யாது, வேறொன்றில் அது ஒரே ஒரு உறுப்பில் மட்டும் வேலை செய்யாது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன வேலை என்று கேட்டால் சொல்லிப் புரியவைப்பதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது. "நாங்க வீட்டுல பொறி வெக்கிறோம், நீ எலிக்கு ஏசி போடுற" என்று சித்தப்பா ஒருவர் சொன்னது இன்னும் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு ஏன் ஆனி மாசம் என்று சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி அந்தக் கணக்குத்தான்.

அவளுக்கு வேண்டிய எலியை உண்டாக்க இரண்டு வகை எலிகள் வேண்டும். ஒன்றில், அவள் ஆராய்கிற ஜீனின் இரண்டு பக்கமும் லாக்ஸ் என்கிற சின்ன அடையாளம் செருகியிருக்கும். துணியில் எங்கே வெட்ட வேண்டும் என்று தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட்டு வைப்பாரே, அந்த மாதிரி. இன்னொன்றில் கிரே என்கிற கத்தரிக்கோல் இருக்கும், அதுவும் ஆல்புமின் என்கிற ரத்தப் புரதத்தைச் சுரக்கிற கல்லீரல் செல்களில் மட்டும் திறக்கிற கத்தரிக்கோல். இரண்டையும் சேர்த்தால் கல்லீரலில் மட்டும் அந்த ஜீன் வெட்டுப்பட்டுப் போகும், மூளையிலும் இதயத்திலும் அப்படியே இருக்கும். ஆனால் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வருமே, இரண்டிலும் கோடு போட்டிருக்க வேண்டும். முதல் தலைமுறையில் ஒரு பிரதியில்தான் கோடு கிடைக்கும். அதில் கிரேயும் உள்ள குட்டிகளைப் பொறுக்கி எடுத்து, அவை பருவத்துக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடியும் இரட்டைக் கோடு போட்ட எலியோடு சேர்க்க வேண்டும். கர்ப்பம் மூன்று வாரம், வளர்ந்து ஜோடி சேர எட்டு வாரம், மறுபடி கர்ப்பம் மூன்று வாரம், பிறந்தது எட்டு வார வயதைத் தொட இன்னொரு எட்டு. மொத்தம் 22 வாரம். ஜனவரி நடுவில் தொடங்கினால் ஜூன் நடுவில் முடியும். இதில் எங்கேயும் எதுவும் தப்பாகப் போகக் கூடாது என்பது வேறு கதை.

இது காலக் கணக்கு. தலைக் கணக்கு இதைவிட மோசம். அந்தக் கடைசிச் சேர்க்கையில் இரண்டு பிரதியிலும் கோடு விழ வாய்ப்பு பாதி. கிரே வர வாய்ப்பு பாதி. ஆக நாலில் ஒன்று. அவளுக்குப் பெண் மட்டும்தான் வேண்டும் என்பதால் எட்டில் ஒன்று. பன்னிரண்டு வேண்டுமென்றால் 96 குட்டி பிறக்க வேண்டும். கூடப் பிறந்து கிரே மட்டும் வராமல் போன இரட்டைக் கோட்டுப் பெண்கள் ஒரு பன்னிரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மிச்சம் 72.

அந்த 72-ஐ என்ன செய்வது என்பதுதான் நான் மாணவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி. பெரும்பாலானவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு எலி என்பது மின்னஞ்சலில் ஒரு எண்ணாக வருவது. "ஆண் எலியையும் உன் ஆராய்ச்சியில சேர்த்துக்கோ, கணக்கு பாதியாகும்" என்று அன்றைக்கே சொன்னேன். கைடு ஒத்துக்க மாட்டார் என்றாள். கேட்டுப் பார் என்றேன். கேட்டாள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட வயதும் சர்வீஸும் கூட. நான் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன். நான் வருவதற்கு முன்னால், நெல் உமியை ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கொப்பரையில் கிருமி சாக அவித்துக் கூண்டில் கொட்டிய காலத்திலிருந்து இருப்பவர். இப்போது சோளக்கட்டைத் துகள் மூட்டையில் வருகிறது, ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியாக வடிகட்டிய காற்று வருகிற ரேக் இருக்கிறது. ஆனாலும் காலையில் அறைக்குள் நுழைந்ததும் ரேக்கின் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். முகக்கவசத்தைத் தாண்டி அவருக்கு என்ன தெரிகிறதோ, "மூணாவது வரிசையில எங்கயோ தண்ணி பாட்டில் ஒழுகுது மேடம்" என்பார். இருக்கும்.

உள்ளே போவது ஒரு சடங்கு. குளித்து, வளாகத்தின் உடுப்பு, தொப்பி, கவசம், கையுறை. சென்ட் கூடாது. பெண் ஊழியர்கள் தலையில் வைத்து வந்த மல்லிகையை லாக்கரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் திறந்தால் அந்த அறை முழுக்க வாடின மல்லி வாசம்தான். வீட்டில் வெள்ளெலி, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு வைரஸோ கீரிப்பூச்சியோ உள்ளே வந்துவிட்டால் கட்டிடத்தையே காலி செய்ய வேண்டிவரும். அதற்காகவே ஒவ்வொரு ரேக்கிலும் காவல் எலிகள் என்று சிலதை வைத்திருக்கிறோம். மற்ற கூண்டுகளின் அழுக்குத் துகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அவற்றின் கூண்டில் போடுவோம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவற்றின் ரத்தத்தைச் சோதிப்போம். ரேக்கில் என்ன நோய் இருந்தாலும் முதலில் பிடிக்க வேண்டியது இவற்றுக்குத்தான். இந்தக் கட்டிடத்திலேயே பாவப்பட்ட உத்தியோகம் அவற்றுடையது.

ஆயுத பூஜைக்கு ஆட்டோகிளேவுக்குச் சந்தனம், குங்குமம் உண்டு. கற்பூரம் மட்டும் வெளியே, படிக்கட்டில். தீபாவளி வேறு மாதிரிப் பிரச்சனை. சத்தத்தில் பதறின தாய் புதுக் குட்டிகளைத் தின்றுவிடும், அதுவும் முதல் பிரசவம் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் தீபாவளித் தேதியிலிருந்து இருபது நாள் பின்னோக்கி எண்ணி, அந்த வாரம் எந்த ஜோடியையும் சேர்க்க மாட்டோம். என் மேஜையில் இருக்கிற பஞ்சாங்கம் அதற்குத்தான், நல்ல நேரம் பார்க்க இல்லை. ஒரு வகையில் பார்த்தால் நல்ல நேரம் பார்க்கத்தான்.

ஜோடி சேர்ப்பதில் சில தந்திரங்கள் உண்டு. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு தடவைதான் பருவம். பெண்களை மட்டும் கூட்டமாக வைத்திருந்தால் அதுவும் தள்ளிப்போகும். ஆண் இருந்த கூண்டின் அழுக்குத் துகளை ஒரு கைப்பிடி எடுத்துப் பெண்கள் கூண்டில் போட்டால், அந்த வாடைக்கு எல்லாமும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும், மூன்றாவது ராத்திரி சேர்த்தால் பலன் அதிகம். விட்டன் என்பவர் 1956-இல் எழுதி வைத்தது. மூன்று வருஷம் கழித்து, 1959-இல், ஹில்டா புரூஸ் இதற்கு எதிர்ப்புறத்தைச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேறொரு ஆணின் வாடை பட்டால் கரு தங்காமல் போய்விடும். அதனால்தான் ஜோடி சேர்த்த வாரத்தில் கூண்டுகளை இடம் மாற்றாதே, ஒரே கையுறையோடு இரண்டு கூண்டில் கை வைக்காதே என்று கத்திக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலை பெண்ணின் பின்பக்கம் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ராத்திரி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் போனால் விழுந்திருக்கும், அப்புறம் தெரியாது. பத்துக் கூண்டு, கூண்டுக்கு ஒரு ஆண் இரண்டு பெண், இருபதையும் அண்ணன் பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்.

இவ்வளவும் செய்து ஒரு அட்டையில் கோட்டைவிட்ட கதையும் உண்டு. எங்கள் எலிகள் பெரும்பாலும் ஒரே கறுப்பு, சி57 பிளாக் 6 என்கிற வம்சம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் கிரான்பி என்கிற ஊரில், ஏபி லாத்ரோப் என்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அழகுக்காக எலி வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து வந்த 57-ஆம் எண் பெண் எலியின் வாரிசுகளை கிளாரன்ஸ் லிட்டில் 1921-இல் அண்ணன் தங்கைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து உண்டாக்கியது இந்த வம்சம். அதனால் ஒன்றுக்கொன்று அச்சு அசல். எந்த ஜீன் மாற்றப்பட்டது என்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கூண்டின் முன்னால் செருகியிருக்கிற அட்டைதான் ஆதார் கார்டு. ஒரு வியாழக்கிழமை கூண்டு மாற்றும்போது யாரோ இரண்டு அட்டைகளை மேஜையில் எடுத்து வைத்துவிட்டு மாற்றிச் செருகிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, நானாகக்கூட இருக்கலாம், அன்றைக்கு ஆள் குறைவு, நானும் உள்ளே இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு பையன் பிசிஆர் ஜெல் படத்தை எடுத்துக்கொண்டு வந்தான், எந்த எலியில் எந்த ஜீன் என்று கோடு கோடாகக் காட்டுகிற டிஎன்ஏ சோதனைப் படம். இருக்கவே கூடாத இடத்தில் ஒரு கோடு. முதலில் அவன் பிசிஆரைத்தான் சந்தேகப்பட்டோம், அவனும் பாவம் இரண்டு தடவை செய்து பார்த்தான். மூன்று மாத வேலை போனது. அதற்கப்புறம் ஒரு விதி. அட்டை கூண்டைவிட்டுப் பிரியக் கூடாது, எழுதுவது பென்சிலில் மட்டும். பேனாவில் எழுதினால் சுத்தம் செய்ய அடிக்கிற ஆல்கஹால் தெளிப்பில் வம்சமே கரைந்து ஓடிவிடும்.

அச்சு அசல் என்றேனே, அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தக் கறுப்பு வம்சத்தின் ஒரு கிளை 1951-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய் அங்கேயே தனியாகப் பெருகியது. பேருக்குக் கடைசியில் ஒன்றுக்கு ஜே, இன்னொன்றுக்கு என். ஒரே ஒரு எழுத்து. ஆனால் ஜே-யில் என்என்டி என்கிற ஜீன் பழுது, இன்சுலின் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியை அது பாதிக்கும். என்-னில் விழித்திரையைக் கெடுக்கிற பழுது ஒன்று. சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு ஜே-யில் ஜீனை மாற்றிவிட்டு, ஒப்பிட என்-னை வாங்கி வைத்துக்கொண்டு, "பிரமாதமான வித்தியாசம் மேடம்" என்று சந்தோஷமாக வந்து நிற்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்வது என் வேலையிலேயே கஷ்டமான பகுதிகளில் ஒன்று.

கஷ்டம் என்றால் வர்தா புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மத்தியானத்துக்குள் வளாகத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரங்கள் எல்லாம் படுத்துவிட்டன, கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது. ஓடட்டும், டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும்? இரண்டாம் நாள் காலை பெட்ரோல் பங்குக்குப் போனால் நெட்வொர்க் இல்லை, கார்டு தேய்க்க முடியாது. ஏடிஎம் காலி. கையில் ஆளுக்கு ஒன்றிரண்டு இரண்டாயிரம் நோட்டு, சில்லறை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. டீசலுக்கு என்னத்துக்குச் சில்லறை, முழுசா ஊத்து என்று அண்ணன் இரண்டு கேனை நீட்டினார். அவருடைய டிவிஎஸ் 50-இல் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன்.

நிஜமான பயம் ஏசி இல்லை, டிசம்பர்தானே. காற்று. ரேக்கின் ஊதி நின்றுவிட்டால் மூடின கூண்டுக்குள் கரியமில வாயுவும் மூத்திரத்தின் அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போகும். ஜெனரேட்டரை மூன்று மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்தி டீசலை இழுத்துப்பிடித்தோம். நிறுத்தின நேரத்தில் ரேக்கிலிருந்து கூண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, மேல் மூடியின் வடிகட்டி வழியாகவாவது காற்றுப் போகட்டும் என்று தரையில் பரப்பினோம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தோம், சிவப்பு வெளிச்சம் எலிக்கு அநேகமாகத் தெரியாது, அவற்றின் இரவு கெடக் கூடாது என்று. அந்த இருட்டில் நூற்றுக்கணக்கான கூண்டுகளில் இருந்து சரசரவென்று ஒரு சத்தம், வைக்கோல்போரில் மழை விழுகிற மாதிரி. கரண்ட் வர நாலு நாள் ஆனது. பெரிய சேதம் இல்லை. ஆனால் அதே வேளையில் கருவுற்றிருந்தவற்றில் பாதிக்கு மேல் குட்டிகளை வளர்க்கவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் உறையவைப்பது. இப்போதைக்கு யாருக்கும் தேவைப்படாத வம்சங்களை உயிரோடு வைத்திருப்பதில் அர்த்தமில்லை. விந்தையோ கருவையோ திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டால், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். சுண்டெலிக் கருவை உறையவைத்து உயிரோடு மீட்டது 1972-லேயே நடந்த விஷயம், புதிது இல்லை. ஆனால் பேராசிரியர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் இமாலய வேலை. "எப்ப வேணுமோ தெரியாதே, நாலு கூண்டு ஓடட்டுமே" என்பார்கள். நாலு கூண்டு ஓடினால் வருஷத்துக்கு எத்தனை குட்டி என்று அவர்கள் எண்ணுவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எண்ணவேண்டி வந்தது. ஆள் வர முடியாது, பாஸ் இருந்தாலும் பஸ் கிடையாது. ஒரு வாரத்துக்குள் கூண்டுகளைப் பாதியாக்கச் சொன்னார்கள். எதை வைப்பது எதை விடுவது என்று நானும் அண்ணனும் பட்டியலோடு நடந்தோம். அவர் அட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பேசிக்கொள்ளவில்லை.

அதே நேரத்தில் உலகம் முழுக்க ஒரு எலிக்கு அலைந்தது வேடிக்கை. அன்றைய கொரோனா வைரஸ் சாதாரண சுண்டெலியை அவ்வளவாகத் தொடாது, அது பிடித்துக்கொள்கிற ஏசிஇ2 புரதம் எலியில் வேறு மாதிரி. மனித ஏசிஇ2 செருகின ஒரு வம்சத்தை அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பெர்ல்மனும் பால் மெக்ரேயும் பழைய சார்ஸ் நோய்க்காகச் செய்து 2007-இல் வெளியிட்டிருந்தார்கள். சார்ஸ் ஓய்ந்துபோனது, எலியை யாரும் கேட்கவில்லை. உறைந்த விந்தாகக் கிடந்ததை எடுத்துத்தான் 2020-இல் அமெரிக்காவில் எலி வளர்த்து விற்கிற ஜாக்சன் ஆய்வகம் மறுபடி பெருக்கியது. இதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தேன். அந்த வருஷம் ஏழு வம்சங்களுக்கு உறையவைக்கும் படிவம் கையெழுத்தாகி வந்தது.

மிச்சமாகும் குட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன், சொல்லாமல் தப்பிக்க நினைக்கவில்லை. மூன்றாவது வாரம் தாயிடமிருந்து பிரிக்கும்போது காதில் ஒரு சிறு துளை போட்டு, வந்த துணுக்கில் டிஎன்ஏ பார்க்கிறோம். தேவையில்லாத மரபணு என்று வந்தால் வியாழன் மதியம் கரியமில வாயுப் பெட்டி. வாயுவை மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது, அருகிலேயே நிற்க வேண்டும். பாம்புப் பண்ணைக்குக் கொடுக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மரபணு மாற்றியது உயிரோடோ செத்தோ வளாகத்தைவிட்டு வேறெங்கும் போகக் கூடாது, எரியூட்டிக்குத்தான். எத்தனை பிறந்தது, எத்தனை பயன்பட்டது, எத்தனை போனது என்று நெறிமுறைக் குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வியாழன் மாலை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். நான் தேடுவதில்லை.

மாணவி ஜூன் மாதம் வந்தாள். நடுவில் இரண்டு தடவை அழைத்து உள்ளே விட்டேன், காதுத் துளை போடுகிற நாளில் கூடவே நிற்கச் சொன்னேன். முதல் நாள் கை நடுங்கியது. கறுப்புக் குட்டிகளில் ஆணுக்குப் பிறந்ததுமே பின்பக்கம் ஒரு சின்னக் கரும்புள்ளி தெரியும் என்று அண்ணன் காட்டிக்கொடுத்தார், அப்புறம் அவளே எண்ண ஆரம்பித்துவிட்டாள். மொத்தம் 93 குட்டி பிழைத்தது. ஜெல் படத்தை என் மேஜையில் விரித்து விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று.

"ஒன்னு குறையுது மேடம். இன்னும் ஒரே ஒரு ஜோடி..."

ஒன்று வேண்டுமென்றால் எட்டு பிறக்கணும், அதற்கு முன்னால் பதினொன்று போதுமா என்று புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு வா என்றேன். நோட்டை மூடிக்கொண்டு போனாள். இன்னும் திரும்பி வரவில்லை. ஜோடிக் கூண்டுகளை நேற்றே அண்ணனிடம் பிரிக்கச் சொல்லிவிட்டேன்.